அடுத்த வருட முதல் முறை

டொலீடோ
மார்ச் 12, 1990

ஆர்டிஸ் அக்காவுக்கு,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. அதனால் கடிதம். இதைக் கிழிக்கலாம், அடுப்பில் போடலாம், ஆனால் அதற்கு முன்னால் உறையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஏரிக்கரை வீட்டை மே பத்தாம் தேதிக்குள் காலி செய்து தர வேண்டும் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். சாமான்களை நாம் இரண்டு பேரும்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் வருடா வருடம் கல்லூரிப் பையன்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும்போது, கடைசியில் நிற்கிற அணிக்கு முதல் ஆளை எடுக்கிற முறை கிடைக்கும். அந்த விதியை அப்பா அப்படியே நம் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். யாருக்கு வருடம் மோசமாகப் போனதோ அவருக்கு முதல் முறை, பிறகு மாறி மாறி. எனக்குக் கை முறிந்த வருடம் ஜன்னலோரக் கட்டில் எனக்கு வந்தது. நீ ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

இந்த வருடமும் முதல் முறை எனக்குத்தான். பதினாறு ஆட்டங்களில் இரண்டுதான் ஜெயித்தோம். நாட்டிலேயே எங்கள் பைலட்ஸ் அணிதான் கடைசி. அதற்குக் கிடைக்கிற முதல் முறைகூட எங்களிடம் இல்லை. அக்டோபரிலேயே அதைச் சாக்ரமென்டோ அணிக்குக் கொடுத்துவிட்டு வீட்லி என்கிற ஆட்டக்காரனை வாங்கினேன். எப்படியும் நடுவில் நிற்போம், பதினைந்தாவது முறைபோல வரும் என்று மதிப்புப் போட்டுக் கொடுத்தேன். வீட்லி எங்களிடம் வந்த மூன்றாவது ஆட்டத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. தேசத்தின் முதல் முறையை ஒரு முழங்காலுக்கு விற்றவன் என்று முடிவெட்டுகிற கடையில்கூடச் சிரிக்கிறார்கள்.

இப்போது முதலாளி ப்ரூயிட் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"பந்தெறிய நல்ல பையன் ஒருத்தன் வேணும் லைல். மேல இருக்கிற எவன்கிட்டயாவது அவன் முறைய வாங்கு. கையில என்ன இருக்கு?"

"விலைபோற மாதிரி அடுத்த வருஷ முதல் சுற்று முறை மட்டும்தான் இருக்கு சார்."

"அப்ப அதக் குடு. இந்தப் பையன் வரலைன்னா உன்ன வச்சு நான் என்ன பண்றது?"

ஏப்ரல் 22 ஞாயிற்றுக்கிழமை பையன்களை எடுக்கிற தேர்வு. கொடுத்தால் அணிக்கு ஆள் எடுக்கிற என் வேலை இன்னும் ஒரு வருடம் ஓடும், கொடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எந்த முறைக்கு எத்தனை புள்ளி என்கிற விலைப்பட்டியலை அப்பாவின் மேசையில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து போட்டவள் நீ. அதனால் உன் கருத்து எனக்கு வேண்டும்.

படகு எனக்கு. அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லைல்


டுலூத்
மார்ச் 19, 1990

லைல்,

உறையைப் பிரித்தேன். வெண்டல் "பிரிச்சுத்தான் பாரேன், பிரிச்சுத்தான் பாரேன்" என்று என் உயிரை வாங்கினார். கணவர் என்று ஒருவர் இருந்தால் இப்படித்தான்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தேவாலயத்தின் கீழ்த்தளம், காபி அண்டாவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டிய போன். பாதிரியார் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நீ ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஆமா, அடுத்த வருஷ முதல் சுற்று. சரி, முடிச்சுரலாம்" என்கிறாய். பெர்னீஸ் அத்தை காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். ஊரே பார்த்தது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகுதான் நீ போனை வைத்தாய். நான் இத்தனை நாள் வைத்ததெல்லாம் அதற்குச் சமமாகாது.

முதல் முறை உனக்கா? நீ பதினாலு ஆட்டம் தோற்றாய். அதில் ஒன்றிலாவது நீ களத்தில் இறங்கி அடி வாங்கினாயா? மூன்று வருடம் தினமும் காலையில் அப்பாவுக்கு ஓட்ஸ் கஞ்சி கொண்டுபோனவள் நான். இன்றைக்கும் கை தானாக அந்தச் சின்னப் பாத்திரத்தை எடுக்கிறது, எடுத்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன். யார் வருடம் மோசம் என்று நீயே சொல்.

நீ கேட்ட விஷயம். கவுண்டி வரி அலுவலகத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு மதிப்புப் போட வேண்டுமானால் உள்ளே போவேன், கீழ்த்தளச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்ப்பேன், கூரைக்கு ஏறுவேன். நீ மதிப்புப் போடுவது இன்னும் கட்டாத வீட்டுக்கு. அதில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பதுகூடத் தெரியாது.

நம் பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கிறது. அன்றைக்கே எனக்கு உறுத்தியது. பழைய கைமாற்றங்களையெல்லாம் எடுத்து, யார் எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்றுதான் எழுதினோம். கொடுத்து என்ன கண்டார்கள் என்று எழுதவே இல்லை. ஒரு தெருவில் எல்லோருமே அதிக விலைக்கு வாங்கியிருந்தால் அடுத்த வீட்டுக்கும் அந்த விலையைத்தான் காட்டும். அதனால் அது சரியான விலை ஆகிவிடாது.

படகைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஆர்டிஸ்


டொலீடோ
மார்ச் 26, 1990

அக்கா,

கஞ்சிப் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக நேரமாயிற்று. சரி, முதல் முறை உனக்கு. வாதாட மாட்டேன்.

ஆனால் அந்தப் போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறுநாளோடு அந்த வருடக் கைமாற்றம் முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சாக்ரமென்டோக்காரன் என்னைத் தேடிப் பிடித்துத் தேவாலயத்துக்குக் கூப்பிட்டான். நான் எடுத்திருக்கக் கூடாது, தெரியும். ஆனால் நீ கேட்காத ஒன்று இருக்கிறது. எங்கள் அணி நடுவில் நிற்கும் என்று நான் ஏன் அவ்வளவு நிச்சயமாக நம்பினேன்? அப்பாவைக் குழியில் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். இதற்குமேல் இந்த வருடம் என்ன கெட்டது நடந்துவிடும் என்று இருந்தது. அந்த நினைப்பில்தான் மதிப்புப் போட்டேன். சொந்த அணியின் முறைக்கு விலை சொல்வதில் இதுதான் சிக்கல். ஒருவன் தன் நாளைக்குத் தானே விலை சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வருட முறை என்றால் ஒரு சுற்று குறைத்துத்தான் எடுப்போம். அடுத்த வருட முதல் சுற்றுக்கு இந்த வருட இரண்டாம் சுற்றின் மதிப்புத்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருப்போமா என்று எவனுக்கும் தெரியாது. அந்தப் பயத்துக்குத்தான் இந்தக் கழிவு.

பட்டியலில் நீ கண்ட ஓட்டையை ப்ரூயிட்டிடம் சொன்னேன். "உங்க அக்காவ வேணா வேலைக்கு எடுத்துக்கலாமா?" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "அடுத்த வருஷத்தப் பத்தி அடுத்த வருஷம் கவலப்படலாம்ப்பா" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்குத் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

லைல்


டுலூத்
ஏப்ரல் 3, 1990

லைல்,

ஏரி வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பா கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள் விளையாட்டுப் பக்கங்களை எடுத்துவந்தேன். எலி கடித்ததைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. வெண்டல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். முதல் சுற்றில் எடுத்த பையன்களில் மூன்றாவது வருடமும் களத்தில் நின்றவர்கள் யார் யார் என்று பார்த்தோம். ஏறக்குறைய பாதிப் பேரைக் காணோம். மேலே ஏறி எடுப்பதற்காக இரண்டு மூன்று முறைகளைக் கொட்டிக் கொடுத்தவர்களைவிட, அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் கீழே உட்கார்ந்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். முதல் பையன் நல்லவன்தான், ஆனால் நம் பட்டியல் சொல்கிற அளவுக்கு நல்லவன் இல்லை.

"இத்தன வருஷமா எல்லாரும் ஏமாந்துட்டாங்களா?" என்று வெண்டல் கேட்டார். ஏமாறவில்லை. அவசரத்துக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். கூரை ஒழுகும்போது வீடு மாற்றுகிறவன் கொடுக்கிற விலை அது.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில்: விற்காதே. உன் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வேலை உன்னுடையது. அதனால் கடைசியில் நீதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி நம் கைமாற்றம். முதல் முறையை எனக்குக் கொடுத்தாய். அதை உனக்கே திருப்பித் தருகிறேன், படகை எடுத்துக்கொள். பதிலுக்கு உன் அடுத்த வருட முதல் முறை எனக்கு வேண்டும். அடுத்த வருடம் உன்னிடம் இருக்கிற ஏதாவது ஒரு பொருளை நான் எடுத்துக்கொள்வேன். எது என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஆர்டிஸ்


டொலீடோ
ஏப்ரல் 9, 1990

அக்கா,

நீ ஏமாறுகிறாய். அப்பாவின் அந்த அலுமினியப் படகுக்கு இன்றைக்கு விலை இருக்கிறது. மோட்டார் முக்கி முனகினாலும் ஓடுகிறது. அடுத்த வருடம் என்னிடம் என்ன இருக்கும்? ஒரு பழைய சோபா, ரேடியோ, வேலை இல்லாத ஒருவனின் நாலு டை. எங்கள் வழக்கப்படி ஒரு சுற்று குறைத்தால் உனக்கு டை மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் நீ கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. முடித்துக்கொள்வோம்.

மெம்பிஸ் அணி முதல் சுற்றில் நான்காவதாக எடுக்கிற தன் முறையைத் தரத் தயார். நம் பட்டியலில் அதற்கு அறுநூறு. எங்கள் இரண்டாம் சுற்று முறையையும் அடுத்த வருட முதல் சுற்றையும் கேட்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் வழக்கப்படி நானூறைத் தாண்டாது. கணக்குப்படி எனக்குத்தான் லாபம். ஆனால் அடுத்த வருடமும் நாங்கள் கடைசியில் நின்றால், கொடுக்கிற அந்த ஒன்றுக்கே ஆயிரம். மெம்பிஸ்காரன் எங்கள் அணியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான்.

ப்ரூயிட் பார்க்கும்போதெல்லாம் தோளில் தட்டுகிறார். நாளுக்கு நாள் தட்டு பலமாகிறது.

லைல்


டுலூத்
ஏப்ரல் 14, 1990

லைல்,

நாளை ஈஸ்டர். ஏரியில் இன்னும் பனிக்கட்டி.

மே ஐந்தாம் தேதி சனிக்கிழமை சாமான் பிரிக்கலாம். வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. உருளைக்கிழங்கு லெஃப்ஸா ரொட்டி சுட்டு வைக்கிறேன், வெண்டலுக்குத் தெரியாமல் உனக்கு எடுத்து வைப்பேன். தேர்வு நடக்கிற ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாலும் செய்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை இங்கே வா.

ஆர்டிஸ்


டொலீடோ
ஏப்ரல் 24, 1990

அக்கா,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். நான் விற்கவில்லை.

மெம்பிஸ் தன் முறைக்குச் சற்று முன்னால் போனில் கூப்பிட்டது. அறையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ப்ரூயிட் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெம்பிஸ்காரன், "என்னப்பா, முடிச்சுரலாமா?" என்றான். அக்டோபரில் நான் சொன்ன அதே வார்த்தை. காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பெர்னீஸ் அத்தை பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்தது.

"இல்ல, வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

"என்னடா பண்ண?" என்றார் ப்ரூயிட்.

"அது நம்ம சொத்து இல்ல சார். அடுத்த வருஷம் இந்த நாற்காலியில உக்கார்றவனோடது."

"அந்த ஆளு நீயா இருக்கலாமேன்னுதானே சொல்றேன்."

"அதுக்காக அவன் சாப்பாட்ட நான் எடுத்துத் திங்க முடியுமா சார்?"

அவர் கத்தவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பன்னிரண்டு சுற்றையும் என்னை வைத்தே முடித்துவிட்டு, இன்று காலையில்தான் கூப்பிட்டு அனுப்பினார். சிக்கனமான மனிதர். கை குலுக்கினார். "நீ நல்லவன்தான் லைல். எனக்கு வேண்டியது அது இல்ல" என்றார். பதினோரு வருட வேலை போய்விட்டது.

செய்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரியாகச் செய்தால் மனம் லேசாகும் என்பார்களே, அது பொய்.

மே ஐந்தாம் தேதி வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஊரில் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லை. அணியில் தட்டுமுட்டுச் சாமான் பார்த்துக்கொண்ட ஸ்டான் இழுவண்டியோடு வருவார். படகை அவரிடம் கொடுத்துவிடு. மற்றதெல்லாம் நீயே வைத்துக்கொள்.

லைல்


டுலூத்
மே 7, 1990

லைல்,

ஸ்டான் வந்தார். தங்கமான மனிதர். உனக்கு எடுத்து வைத்த லெஃப்ஸாவை அவருக்குக் கொடுத்தேன், சர்க்கரை தூவி ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். படகைக் கட்டும்போது ஒரு பக்கம் நான் கயிறு பிடித்தேன். வளைவில் திரும்பி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டல் உள்ளே வா என்று கூப்பிடவில்லை, அதுவே பெரிது.

எனக்கு வருத்தம். இதைச் சொல்லாமல் விட்டால் மறுபடியும் போனை வைத்தது மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். வேலை போனவனாக நீ வந்திருந்தால் யாரும் உன்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மெம்பிஸ்காரனுக்குப் போனில் நீ சொன்ன பதில் சரி. அதையும் எழுதிவிடுகிறேன். அப்பா இருந்தால் மேசையை இரண்டு தடவை தட்டியிருப்பார், அவ்வளவுதான். அவருக்கு அதற்குமேல் பாராட்டத் தெரியாது.

நேற்று வீட்டைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். உன் அடுத்த வருட முதல் முறை என்னிடம் இருக்கிறது.

ஆர்டிஸ்


டொலீடோ
ஏப்ரல் 23, 1991

அக்கா,

நடுவில் நான் எழுதிய கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர வேறு எழுத்தே இல்லை. தப்பு என்னுடையது.

நேற்றோடு இந்த வருடத் தேர்வு முடிந்தது. பைலட்ஸ் அணி மறுபடியும் தோற்றுத் தள்ளியதால், நான் விற்காமல் வைத்த முறை நாட்டிலேயே இரண்டாவதாக வந்தது. என் நாற்காலிக்கு வந்தவன் அதை வைத்துத் தடுப்பாட்டக்காரன் ஒருவனை எடுத்திருக்கிறான். வீட்டுக் கதவுக்குள் நுழையாத உடம்பு, ஆனால் நல்ல பையன். போன வருடம் மெம்பிஸ் எடுத்த அந்தப் பந்தெறிகிற பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். புதியவனின் தொலைநோக்கைச் செய்தித்தாள் புகழ்ந்திருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்தபோது அடுத்து வருகிறவர்களுக்கென்று ஃப்ரிட்ஜில் சாப்பாடு வைத்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் இப்போது டிராக்டர் கடையில் இருக்கிறேன். பழைய டிராக்டரைக் கொடுத்துப் புதியது வாங்க வருகிறவர்களுக்கு, பழையதற்கு மதிப்புப் போடுகிற வேலை. உன்னை மாதிரி நானும் இப்போது உள்ளங்கையை வைத்துத் தொட்டுப் பார்க்கிறேன்.

படகைப் போன வருடம் கொட்டகையில் விட்டது. இதுவரை தண்ணீரில் இறக்கவில்லை. தனியாகப் போக மனம் வரவில்லை. மோட்டாருக்கு மட்டும் எண்ணெய் போடுகிறேன்.

லைல்


டுலூத்
ஏப்ரல் 29, 1991

லைல்,

அடுத்த வருடம் வந்துவிட்டது. என் முறையை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் படகு வேண்டும்.

உன்னிடம் இருக்கிற ஏதாவது ஒரு பொருள் என்றுதான் பேசினோம். கடிதம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பார்த்துக்கொள். படகு போனில் வராது, தபாலிலும் வராது. ஸ்டானுக்கு என் அன்பைச் சொல். ஆனால் அவர் கொண்டுவந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

மே பதினொன்று சனிக்கிழமை இங்கே மீன்பிடி தொடங்குகிறது. பொதுப் படகுத்துறையில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமானால் விடிவதற்குள் போய்விட வேண்டும். அதனால் முந்தின நாளே வந்துவிடு. அப்பாவின் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். மோட்டார் பக்கம் உனக்கு.

ஆர்டிஸ்


டொலீடோ
மே 2, 1991

அக்கா,

ஆக, போன வருடம் நீ படகை எனக்குக் கொடுக்கவே இல்லை. ஒரு வருடம் என்னிடம் நிறுத்தி வைத்திருக்கிறாய். பதினோரு வருடம் இதே தொழிலில் இருந்தவன், இப்படி ஒரு கைமாற்றத்தை நான் பார்த்ததே இல்லை. நம் பட்டியலை எடுத்து, அடுத்த வருடத்துக்கு ஒரு சுற்று குறைக்க வேண்டும் என்று நான் எழுதிய வரியை அடித்துவிட்டேன்.

இழுவண்டிக்கு டயர் மாற்றியாகிவிட்டது. கடையில் லீவு சொல்லிவிட்டேன். "எங்கப்பா போற?" என்று முதலாளி கேட்டார். "எங்க அக்கா படகக் கேக்குறா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். லெஃப்ஸாவை வெண்டல் கண்ணில் காட்டாதே. வழியில் எங்காவது நிறுத்திப் போன் செய்வேன். வைத்துவிடாதே.

லைல்